ரிவர்ஸில் வந்த சம்பந்தி

என் புருஷன் ஏமோஸ் டட்டில் எங்கள் மலைமேல் நாலாயிரம் தடவையாவது காரை ஏற்றியிருப்பான். ஒரு தடவைகூட முன்பக்கம் பார்த்து ஏற்றியதில்லை.

இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நான் கதை விடுகிறேன் என்பார்கள். கதையெல்லாம் இல்லை. அந்தக் காலத்துக் கார்களில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில் இருக்கும், இன்ஜின் முன்னால் இருக்கும். பெட்ரோல் தானாக வழிந்து இன்ஜினுக்குப் போய்ச் சேர வேண்டும். இறைத்துக் கொடுக்க பம்ப் கிம்ப் ஒன்றும் கிடையாது. சமதரையில் பிரச்சினை இல்லை. செங்குத்தான ஏற்றத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறினால் இன்ஜின் மேலே போய்விடும், டேங்க் கீழே தங்கிவிடும். வண்டி இரண்டு தடவை இருமிவிட்டுப் பாதி மலையில் படுத்துவிடும். அதே வண்டியைத் திருப்பி, பின்புறத்தை மலைக்குக் காட்டி ரிவர்ஸில் விட்டால் டேங்க் மேலே, இன்ஜின் கீழே. ஜம்மென்று ஏறும்.

எங்கள் பெட்ரோல் கடை அரிசோனாவில், அறுபத்தாறாம் நம்பர் சாலையில், மலையடிவாரத்தில் இருந்தது. ஒக்லஹோமாவிலிருந்தும் கான்சாஸிலிருந்தும் கலிபோர்னியாவுக்குப் போகிறவர்கள் எங்கள் கடை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர்கள் வாழ்நாளில் பார்த்த பெரிய மேடு வைக்கோல் போர்தான். வண்டியை நிறுத்தி, அண்ணாந்து பார்ப்பார்கள். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் அதல பாதாளம், தடுப்பு என்று பேருக்கு நாலு வெள்ளைக் கல். தலையிலிருந்து தொப்பி தானாகக் கழன்று கைக்கு வந்துவிடும். அப்போது ஏமோஸ் ஒரு துணியில் கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாக வருவான். தங்கச் சுரங்கத்தில் பாறை விழுந்து அவனுடைய வலது முட்டி போய்விட்டது. நடந்தால் நாலடிக்கு ஒருமுறை நிற்க வேண்டும். ஆனால் ஸ்டியரிங் பிடித்தால் ராஜா.

"நான் ஏத்தி விடட்டுமா?" என்பான்.

"எனக்கே ஓட்டத் தெரியும்" என்று ஆண்கள் மார்பை நிமிர்த்துவார்கள். அவர்களுடைய மனைவிமார் அதற்குள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி நிற்பார்கள். அத்தோடு விவகாரம் முடிந்துவிடும். ஏமோஸ் உட்கார்ந்து, தலையைத் திருப்பி, உச்சிவரை ரிவர்ஸில் கொண்டுபோய் விட்டுவிட்டு, எதிரே வருகிற வண்டியில் தொற்றிக்கொண்டு திரும்பி வருவான். இத்தனை வருஷத்தில் ஒரு பெட்டிகூடப் பள்ளத்தில் விழுந்ததில்லை. அதை அவன் யாரிடமும் சொல்லிக்கொண்டதும் இல்லை. அவனுக்கும் சேர்த்து நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு ஒரே பெண், லியோனா. லாஸ் ஏஞ்சலஸில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அங்கே க்ளிஃபோர்டு பெல்லாமி என்று ஒரு பையனைப் பிடித்துப்போய், கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது. மே மாதம் ஒரு சனிக்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு, பெல்லாமி வீட்டுத் தோட்டத்திலேயே கல்யாணம். அப்பா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் மாப்பிள்ளையிடம் விட வேண்டும். இதற்காக ஏமோஸ் கல்யாணக் கோட்டு ஒன்றை வரவழைத்து, அதைப் போட்டுக்கொண்டு கோழிக்கூண்டுவரை நடந்து பார்த்தான். கோழிகள் என்ன நினைத்தனவோ, நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது லியோனாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஏமோஸுக்குக் கண்ணாடி கிடையாது. நான்தான் வாசித்தேன். வாசிக்கும்போதே நடுவில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தோன்றவில்லை.

"அப்பா, ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் உன் வேலையைப் பற்றி இவர்களிடம் பெருமையாகச் சொன்னேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். க்ளிஃபோர்டின் அம்மா வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். வீடு ஒரு சின்ன மேட்டின் மேல் இருக்கிறது. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு மட்டும் எல்லாரையும் போல முன்பக்கமாக வந்து இறங்கு."

ஏமோஸ் எழுந்து போய் யாரோ ஒருவருடைய பஞ்சரை ஒட்டினான். அது ஏற்கெனவே ஒட்டிய டயர். கொஞ்ச நேரம் கழித்து வாசலில் நின்று, "சின்ன மேடுதானாமே. முன்னால பாத்தே போயிடலாம்" என்றான்.

எனக்கு அந்தப் பெல்லாமி அம்மாவின் மேல் வந்த கோபத்தில் பாத்திரங்களை இரண்டு தடவை கழுவினேன். பெண்ணின் மேலும் கோபம்தான். பெற்ற பெண்ணாயிற்றே, அதனால் பாதியை விழுங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். எங்கள் கார் பதினோரு வயதுக் கிழம். முன்னால் இரண்டு தண்ணீர்ப் பைகள், பின்சீட்டில் கோட்டு, என் தொப்பிப் பெட்டி, ஒரு கல்யாணக் கேக். எங்கள் மலையில் எப்போதும் போல ரிவர்ஸில் ஏறினான். உச்சியில் திருப்பும்போது, "நல்லா நெஞ்சு நிறைய ஏறிக்கோ. இனிமே கல்யாணம் முடியிற வரைக்கும் உனக்கு ரிவர்ஸ் பத்தியம்" என்றேன்.

"நீ வாயை மூடு நெட்டி. அங்கதான் மேடே இல்லையே" என்றான். நெட்டி என்பது நான்தான்.

ஓட்மன் ஊரைக் கடந்து, கொலராடோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, மத்தியானத்துக்குள் பாலைவனத்துக்குள் நுழைந்துவிட்டோம். அந்தச் சாலையைச் சாலை என்று சொன்னவன் வாயில் சர்க்கரை போட வேண்டும். எண்ணெய் தெளித்த மண். வெயிலில் வெந்து, வண்டிகள் ஓடி ஓடி, கூரைத் தகரம் மாதிரி வரிவரியாக மேடுபள்ளம். மெதுவாகப் போனால் பற்கள் ஆடும், வேகமாகப் போனால் வண்டி ஆடும். ஏமோஸ் இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் கண்டுபிடித்தான், அதில் நானும் ஆடினேன், கேக்கும் ஆடியது. மணல் சில இடங்களில் சாலையின் குறுக்கே படுத்திருந்தது. அங்கே நான் இறங்கித் தள்ள வேண்டும். முட்டி போனவன் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பான், முட்டி நன்றாக இருக்கிறவள் தள்ளுவாள். இப்படித்தான் எங்கள் இருபத்தாறு வருஷமும் போனது.

எங்கள் சாலையில் ஒரு வழக்கம் உண்டு. எதிரே வருகிற வண்டியைக் கண்டால் நிறுத்தி, "அந்தப் பக்கம் ரோடு எப்படி?" என்று கேட்க வேண்டும். கேட்காமல் போனால் மரியாதை இல்லை. பதில் சொல்கிறவனோ உள்ளதை உள்ளபடி சொல்லவே மாட்டான். தான் தாண்டி வந்தது நரகம் என்பான், இல்லாவிட்டால் சொர்க்கம் என்பான். தான் பார்க்காத பாதையைப் பற்றித்தான் நிச்சயமாகப் பேசுவான். லட்லோ என்ற ஊரில் ஒரு கொட்டகை நிழலில் வண்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, பிரஷ் விற்கிற ஆள் ஒருவன் அகப்பட்டான்.

"லாஸ் ஏஞ்சலஸுக்கா? கவலையே படாதீங்க. ரோடுன்னா அதுதான் ரோடு. உள்ளங்கை மாதிரி இருக்கும்" என்றான்.

"மேடு ஏதாவது?" என்று ஏமோஸ் கேட்டான்.

"மேடா? பத்து வருஷமா போறேன், ஒரு மேட்டக் கண்ணால பாத்ததில்ல."

"எங்க பொண்ணு சின்ன மேடுன்னு எழுதியிருக்கா."

"வாசல்ல ரெண்டு படி இருக்கும். அதச் சொல்லியிருப்பாங்க."

ஏமோஸின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்த ஆளிடம் ஒரு பிரஷ் வேறு வாங்கிக்கொண்டான். தேய்க்கிற பிரஷ் எங்கள் வீட்டில் ஏற்கெனவே மூன்று இருந்தன.

அன்று பார்ஸ்டோவில் தங்கினோம். மறுநாள் கஹோன் கணவாய். மேற்கே போகிறவர்களுக்கு அது இறக்கம்தான், ஏற்றம் பெரிதாக இல்லை. ஆனால் இறக்கத்தில் பாதி வந்ததும் கீழேயிருந்து மூடுபனி பால் பொங்குகிற மாதிரி பொங்கி வந்து வண்டியை மூடிவிட்டது. பாலைவனத்து ஆட்கள் நாங்கள், பனியை எங்கே பார்த்தோம்? நான் கதவுக்கு வெளியே தலையை நீட்டி, சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். பிரேக்கிலிருந்து கருகிய வாடை. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தான். "அவசரம்னா மேல பறந்து போடா!" என்று கத்தினேன். அவன் காதில் விழுந்ததோ என்னவோ, ஹார்ன் நின்றது. பனியிலிருந்து வெளியே வந்தபோது இரண்டு பக்கமும் ஆரஞ்சுத் தோட்டம். பூ வாசனை மூக்கை அடைத்தது. ஏமோஸ் வண்டியை ஓரம் கட்டி, கையை உதறிவிட்டு, "முன்னால பாத்து ஓட்டுறது இவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றான்.

சான் பெர்னார்டினோவில் இரவு தங்கி, சனிக்கிழமை காலை குளித்து, கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு பட்டணத்துக்குள் நுழைந்தோம். பாலைவனமும் மலையும் செய்யாததைப் பட்டணம் செய்தது. என் புருஷனைப் பயமுறுத்தியது.

நாலு தெருக் கூடுகிற இடத்தில் ஒரு கம்பம். அதில் ஒரு மணி டிங்கென்று அடிக்கும், உடனே "நில்" என்று எழுதிய ஒரு கை வெளியே நீளும். மறுபடியும் டிங், அந்தக் கை உள்ளே போய் "போ" என்று இன்னொரு கை வரும். மணிச் சத்தம் கேட்டதும் ஏமோஸுக்குச் சுரங்கத்தில் வெடி வைக்கிற ஞாபகம். வண்டியை நிறுத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டான். "போ" வந்தது, போனது, மறுபடியும் வந்தது. பின்னால் பதினைந்து ஹார்ன். டிராம் வண்டிக்காரன் இறங்கி வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தான்.

"ஐயா, என்ன, இங்கயே குடியிருக்கப் போறீங்களா?"

"அந்தக் கை சொன்னா போறேன்."

"அது மூணு தடவ சொல்லிடுச்சு!"

"என்கிட்ட சொன்ன மாதிரி தெரியல" என்றான் என் புருஷன், முழு நம்பிக்கையோடு.

இப்படியே ஒவ்வொரு தெருமுனையிலும் பத்து நிமிஷம் கொடுத்துக் கொடுத்து, பாசடீனாவைத் தாண்டும்போது மணி ஒன்றாகிவிட்டது. வழியில் ஒரு பெட்ரோல் கடை வந்தது. டேங்கில் குச்சியை விட்டுப் பார்த்தால் பாதிக்கும் கீழே.

"போட்டுக்கோயேன்" என்றேன்.

"ரெண்டு படி ஏறுறதுக்கு எதுக்கு ஃபுல் டேங்க்?" என்றான். பெட்ரோல் விற்கிறவனுக்கு அடுத்தவன் கடையில் பெட்ரோல் வாங்கினால் மானம் போய்விடும். நானும் மணியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

விலாசத்தில் இருந்த தெரு முனைக்கு வந்து சேர்ந்தபோது ஒன்று முப்பத்தைந்து. ஏமோஸ் வண்டியைத் திருப்பினான். திருப்பியதும் நிறுத்தினான்.

எங்கள் மலையிலாவது சுற்றிச் சுற்றி ஏறலாம். இந்தத் தெரு சுற்றவே இல்லை. சுவரில் ஏணியைச் சாத்திய மாதிரி நேராக மேலே போனது. நடந்து போகிறவர்களுக்கு ஓரத்தில் படிக்கட்டு கட்டியிருந்தார்கள். உச்சியில் வெள்ளையாக ஒரு பெரிய வீடு, வாசலில் கொடிகள், பூ, பொடிப்பொடியாக மனிதர்கள்.

"இதப் போயி சின்ன மேடுன்னு எழுதியிருக்கா பாரு" என்றேன்.

"நம்ம மலையில பொறந்த பொண்ணு. அவளுக்கு இது சின்ன மேடுதான்" என்றான். அந்த நிலைமையிலும் குரலில் ஒரு பெருமை.

முதல் தடவை கால்வாசி ஏறியது. இருமியது, நின்றது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கீழே உருண்டோம். இரண்டாவது தடவை தெருவின் மறுகோடியிலிருந்து ஓடிவந்து ஏறினான். முன்பைவிட நாலு வீடு அதிகம், அவ்வளவுதான். மூன்றாவது தடவை, நான் எடுத்து மடியில் வைத்திருந்த கேக் சரிந்தது.

"பெட்ரோல் போட்டிருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"நெட்டி, கழுத்து வரைக்கும் ஊத்தினாலும் இந்த ஏத்தத்துல மூக்கக் காட்டி ஏறாது. மலை எனக்குத் தெரியும்" என்றான். அது உண்மைதான். மலை அவனுக்குத் தெரியும்.

"அப்ப திருப்பு. ரிவர்ஸ்ல போனா அஞ்சு நிமிஷம்."

"மாட்டேன்."

"மணி ஒண்ணே முக்கால்!"

"நாலு வருஷமா எங்கிட்ட ஒண்ணுமே கேக்காத பொண்ணு ஒண்ணே ஒண்ணு கேட்டிருக்கா. அதச் செய்யலேன்னா நான் என்ன அப்பன்?"

"வந்து சேராம கீழயே உக்காந்திருந்தா மட்டும் நீ என்ன அப்பன்?"

பளபளவென்று ஒரு புது வண்டி எங்களைத் தாண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போனது. இந்தக் காலத்து வண்டி, பம்ப் வைத்தது. அடுத்து இன்னொன்று வேகத்தைக் குறைத்தது. சிகரெட் பிடித்த ஒருவர் தலையை நீட்டி, "உதவி ஏதாச்சும் வேணுமா?" என்றார்.

"வேண்டாங்க. காத்து வாங்குறோம்" என்றான் ஏமோஸ்.

கோட்டு போட்டுக்கொண்டு, மடியில் கேக்கோடு, கொளுத்துகிற வெயிலில் காற்று வாங்குகிற ஜோடியை அவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் பார்த்துவிட்டுப் போனார்.

"நீ படியில ஏறிப் போ" என்றான் ஏமோஸ். "வண்டி ரிப்பேர், அப்பா வழியில நிக்கிறார்னு சொல்லிடு."

"அப்ப யாரு அவளக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறது?"

"அந்த வீட்டுலேயே யாராவது பெரியவங்க இருப்பாங்க. நல்ல மனுஷங்க இருப்பாங்க."

படியில் ஏற அவனுடைய முட்டியால் முடியாது. இருநூறு படியாவது இருக்கும். ரிவர்ஸில் ஏற அவனுடைய மனசால் முடியவில்லை. அந்தக் கோட்டில், கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப் போகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். எனக்கு அவனை நாலு வார்த்தை திட்ட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. திட்டுவது எனக்குப் பழக்கம் என்பதால் அதைச் செய்தேன்.

"மடையா, எத்தனை பேரோட பொண்ணுங்களயும் பேத்திகளயும் மலையேத்திக் கொண்டுபோய் விட்டிருக்க! யாராச்சும் ஒருத்தர் சிரிச்சாங்களா? உசுரு தப்பிச்சதுன்னு உன் கையப் புடிச்சிக்கிட்டு அழுதாங்க. இந்த வீட்டுல எவளோ ஒருத்தி சிரிச்சான்னு இங்க உக்காந்துக்கிட்டு..."

"அவங்க சிரிச்சது இல்ல நெட்டி விஷயம். அது எனக்குப் பொருட்டே இல்ல. நம்ம பொண்ணுக்குச் சங்கடமா இருந்துச்சுல்ல? அதுதான்."



ஒன்று ஐம்பது. நான் கேக்கைக் காலடியில் வைத்துவிட்டுப் படியில் ஏறத் தயாரானேன். அப்போது மேலேயிருந்து வெள்ளையாக ஏதோ ஒன்று இறங்கி வந்தது. முதலில் மேஜை விரிப்பு காற்றில் பறந்து வருகிறது என்றுதான் நினைத்தேன். அது லியோனா. ஒரு கையில் பாவாடையைச் சுருட்டிப் பிடித்திருந்தாள், இன்னொரு கையில் செருப்பு. வெறுங்காலோடு இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தாள். தலையில் குத்திய கல்யாண முக்காட்டு வலை ஒரு பக்கமாகத் தொங்கியது.

வந்து வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். ஏமோஸ் எழுந்திருக்கப் பார்த்தான், முட்டி இடம் கொடுக்கவில்லை.

"மூணு தடவ பாத்துட்டேம்மா. கொஞ்சம் ஏறுது, நின்னுடுது" என்றான் குற்றவாளி மாதிரி. "இன்னொரு தடவ..."

"அப்பா, வண்டியத் திருப்பு."

"நீ எழுதியிருந்தியே."

"எழுதினேன். நான் எழுதினதுதான்." அவள் முகம் சிவந்துவிட்டது. "ஒரு மணியிலேருந்து மேல வாசல்ல நிக்கிறேன். ஒவ்வொரு வண்டியா பாத்துக்கிட்டே இருந்தேன். எல்லாம் மூக்கக் காட்டிக்கிட்டு வந்துச்சு. ஒண்ணுகூட உன்னோடது இல்ல. அப்பதான் கீழ உன் வண்டி ஏறி ஏறி நின்னதப் பாத்தேன். உன் வண்டி இந்த ஏத்தத்துல முன்பக்கமா ஏறாதுன்னு எனக்குத் தெரியாதா? எழுதுறப்போ நான்தான் யோசிக்கல. உன்ன வராதேன்னு எழுதியிருக்கேன்ப்பா. அந்த லெட்டருக்கு அதுதான் அர்த்தம்."

அழுகிறாளோ என்று பார்த்தேன். அழவில்லை. கோபமாக இருந்தாள், தன் மேலேயே. என்னைப் போலத்தான், அழுகை வருகிற இடத்தில் கோபம் வரும்.

"சின்ன மேடுன்னு வேற எழுதின" என்றேன், பேச்சை மாற்ற.

"சின்ன மேடுதானேம்மா" என்றாள் அண்ணாந்து பார்த்து. பிறகு அவளே சிரித்துவிட்டாள்.

பின்சீட்டில் ஏறினாள். கல்யாண உடை முழுவதும் உள்ளே அடங்கவில்லை. என் தொப்பிப் பெட்டியை நசுக்கி உட்கார வைத்தோம். ஏமோஸ் வண்டியைத் திருப்பி, பின்புறத்தை உச்சிக்குக் காட்டினான். கோட்டைக் கழற்றி என் மடியில் போட்டான், கையை மடித்துவிட்டான், ஒரு தடவை மூச்சை இழுத்து விட்டான். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு ஏற்ற ஆரம்பித்தான். இரண்டு நாளாக ஹார்னுக்கும் மணிக்கும் நடுங்கிக்கொண்டு வந்த அதே ஆள்தான். இப்போது அவன் கையில் வண்டி துளி நடுக்கமில்லாமல், ஒரே சீராக, மேலே மேலே போனது. எங்கள் முன்னால் பட்டணம் முழுக்கக் கீழே இறங்கிக்கொண்டே போய், கடைசியில் ஓரத்தில் கடல் தெரிந்தது. கடலை நான் அதுவரை பார்த்ததில்லை.

மேலே தோட்டத்து வாசலில் நாற்பது ஐம்பது பேர் திரண்டுவிட்டார்கள். எங்கள் வண்டியின் பின்பக்கம்தான் அவர்களுக்கு முதலில் தெரிந்திருக்கும்: ஒரு ஸ்பேர் டயர், ஒரு வலை, ஒரு மணப்பெண்ணின் முகம். மாப்பிள்ளைப் பையன் க்ளிஃபோர்டு ஓடிவந்தவன், அவளைப் பார்த்ததும் முழங்காலில் கை ஊன்றி நின்றுவிட்டான். அவள் காணாமல் போனதில் பாதி உயிர் போயிருந்தது பாவம். அவனுக்குப் பின்னால் ஊதா நிற உடையில், முத்துமாலையோடு, ஓர் அம்மாள். அவர்தான் திருமதி பெல்லாமி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அடக் கடவுளே, நிஜமாவே இப்படித்தான் வருவாரா!" என்று அவர் கையைக் கொட்டினார். பக்கத்திலிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். "நான் சொன்னேன் இல்ல? நான் சொன்னப்போ யாருமே நம்பல!"

சிலர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். வேடிக்கை பார்க்கிறவர்கள் சிரிப்பு. ஏமோஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான். காது நுனிவரை சிவந்துவிட்டான். கோட்டைக்கூட வாங்கிப் போட்டுக்கொள்ளவில்லை.

லியோனா பின்சீட்டில் எழுந்து நின்றாள். சத்தம் போடவில்லை. எக்ஸ்சேஞ்சில் இரண்டு ஊர்களுக்கு நடுவில் இணைப்புக் கொடுக்கிற அதே குரல், தெளிவாக, ஒவ்வொரு வார்த்தையாக.

"ஆமாங்க. இவர்தான் எங்க அப்பா. இப்படித்தான் வருவார்."

சிரித்தவர்களில் சிலர் நிறுத்தினார்கள், சிலர் நிறுத்தவில்லை. திருமதி பெல்லாமி கொட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முத்துமாலையில் வைத்தார். லியோனா எதையும் கவனித்த மாதிரி தெரியவில்லை. என் மடியிலிருந்து கோட்டை எடுத்தாள். இறங்கி, முன்கதவைத் திறந்து, அவனுக்கு ஒரு கை பிறகு மறு கை என்று மாட்டிவிட்டாள். பொத்தானைப் போட்டாள். அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நல்ல காலை முதலில் ஊன்றி இறங்கினான்.

"லேட்டாயிடுச்சாம்மா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"நீ வராம எப்படிப்பா ஆரம்பிக்கிறது?" என்றாள்.